எலக்ட்ரிக் கிட்டார் மக்கர் செய்தால்: அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

"அண்ணே, கிட்டார் செத்துப்போய்விட்டது."

பங்குனி பிறந்து ஊர்தோறும் திருவிழா மேடை போடத் தொடங்கியதும், வாரத்துக்கு ஒருவராவது இதைச் சொல்லிக்கொண்டு மதுரை புதூரில் என் வீட்டு மாடிப்படி ஏறுகிறார்கள். மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர்கள், தேவாலயப் பாடகர் குழுப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள். பதினாறு வயதில் முதல் எலக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டினேன். இன்று மாடி அறைச் சுவரில் பதினான்கு தொங்குகின்றன. ஒவ்வொன்றையும் ஒருமுறையாவது பிரித்துப் பூட்டியிருக்கிறேன். உண்மையிலேயே செத்துப்போன கிட்டார் மிக அரிதாகத்தான் என் கைக்கு வந்திருக்கிறது. கேபிள் அறுந்திருக்கும், கேபிள் செருகும் ஜாக் தளர்ந்திருக்கும், பேட்டரி தீர்ந்திருக்கும், மேடையில் எர்த் இருக்காது. பழி மட்டும் கிட்டார் மேல் விழும்.

ஆகவே செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். திருகைக் கழற்றுவது கடைசி. கையில் வைத்திருக்க வேண்டியவை: நன்றாக வேலை செய்யும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கேபிள், மல்டிமீட்டர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஆலன் கீ, கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, சால்டரிங் அயர்ன். மோட்டார் சைக்கிள் மெக்கானிக் சின்ன இடைவெளிகளை அளக்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் ஒன்றும் வாங்கி வையுங்கள்; பின்னால் தேவைப்படும்.

சத்தமே வரவில்லை

கிட்டாரைத் தொடாதீர்கள். ஆம்பின் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) வால்யூமைக் குறைத்து வைத்து, கேபிளின் கிட்டார் பக்க முனையை வெளியே எடுத்து, அதன் நுனியில் விரலை வையுங்கள். (ஆம்ப் எர்த் உள்ள மூன்று முள் பிளக்கில் இருக்க வேண்டும், இதற்கு முன் அதைத் தொட்டு ஷாக் அடித்திருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.)

*விரல் வைத்தும் மௌனம்தான்*

கேபிளை மாற்றிப் பாருங்கள். சத்தம் வந்துவிட்டால் வேலை முடிந்தது. வராவிட்டால் நடுவில் இருக்கும் பெடல்களை (காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெட்டிகள்) எல்லாம் விலக்கி நேராக ஆம்புக்குக் கொடுங்கள். அப்போதும் வராவிட்டால் குறை ஆம்பில் இருக்கிறது. ஃபியூஸைப் பார்ப்பது வரை உங்கள் எல்லை. குறிப்பாக, உள்ளே கண்ணாடிக் குழாய்கள் உள்ள வால்வ் ஆம்பைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கபாசிட்டர்களில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும். அது உயிரை எடுக்கும். ஆம்ப் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

*விரல் வைத்தால் 'ஊம்' என்கிறது, கிட்டாரைச் செருகினால் மௌனம்*

ஆம்பும் கேபிளும் நன்றாக இருக்கின்றன. இனி கிட்டார். வால்யூம் பூஜ்யத்தில் இருக்கிறதா, செலக்டர் ஸ்விட்ச் இரண்டு நிலைகளுக்கு நடுவே நிற்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தில் சிறிய மூடியும் உள்ளே 9 வோல்ட் பேட்டரியும் இருந்தால் அது ஆக்டிவ் பிக்கப். (பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்; ஆக்டிவ் என்றால் பேட்டரியில் ஓடுவது.) கேபிள் செருகியிருக்கும் வரை அந்தப் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். இரவெல்லாம் கேபிளோடு சாய்த்து வைத்துவிட்டு, காலையில் கிட்டார் போய்விட்டது என்று வருபவர்கள் நிறைய. சத்தம் முதலில் மெலிந்து, பிறகு கிழிந்தாற்போல் ஒலித்து, பிறகு நின்றிருந்தால் பேட்டரியைத் தவிர வேறு எதையும் சந்தேகிக்க வேண்டாம்.

அடுத்தது ஜாக். என்னிடம் வரும் பழுதுகளில் மிக அதிகமானது இதுதான்.

ஜாக்கைப் பிடித்திருக்கும் வெளி மரை நாளடைவில் தளரும். கேபிளைச் செருகும்போதெல்லாம் ஜாக் முழுவதும் கொஞ்சம் சுழலும். உள்ளே அதோடு பற்றவைத்த இரண்டு ஒயர்களும் கூடவே முறுக்கிக்கொள்ளும். ஒருநாள் அறுந்துவிடும். மரையை வெளியிலிருந்து முறுக்கி இறுக்குவது இன்னும் கெடுதல், உள்ளே ஒயர் மேலும் முறுக்கும். தகட்டைக் கழற்றி, ஜாக்கை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு மரையை இறுக்குங்கள். கேபிளின் நுனியைப் பிடிக்கும் வளைந்த தகட்டையும் பாருங்கள். செருகும்போது 'டக்' என்று பிடிக்காமல் வழவழவென்று நுழைந்தால் அந்தத் தகடு விரிந்திருக்கிறது. கேபிளை எடுத்துவிட்டு, விரலால் ஒரு மில்லிமீட்டர் உள்நோக்கி வளைத்தால் போதும்.

ஒயர் அறுந்திருந்தால் பற்றவைக்க வேண்டும். கிட்டார் உடலின் மேல் தடித்த அட்டை ஒன்றை விரியுங்கள். ஒரு சொட்டு ஈயம் விழுந்தால் பாலிஷில் அந்தத் தழும்பு காலத்துக்கும் நிற்கும். ஒயரின் முனையை உரித்து, இழைகளை முறுக்கி, முதலில் அதில் ஈயம் ஏற்றுங்கள். பிறகு ஜாக்கின் காதை (ஒயரைப் பற்றவைக்கும் தகட்டு நுனி) சூடாக்கி, ஈயத்தை அந்தக் காதில் வையுங்கள். அயர்னில் வைக்கக் கூடாது. காது சூடாகியிருந்தால் ஈயம் தண்ணீர் போலப் பரவும். மூன்று எண்ணும் நேரம் அசைக்காமல் பிடியுங்கள். ஆறியதும் பளபளவென்று இருந்தால் நல்ல பற்று. சாம்பல் நிறத்தில் உருண்டையாக நின்றால் மறுபடி சூடாக்குங்கள். ஜாக்குக்கு 25 வாட் அயர்ன் போதும். வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் எர்த் ஒயர் வைக்க 40 வாட்டுக்குக் குறைந்தது போதாது. சூடு ஏறாமல் அதிக நேரம் அழுத்தி, உள்ளே இருக்கும் கரித்தடத்தைக் கெடுத்துவிடுவீர்கள்.

*ஒரு பிக்கப் மட்டும் ஊமை*

கேபிளைச் செருகி, மறுமுனையின் நுனிக்கும் உடல் உலோகத்துக்கும் நடுவே மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். வால்யூமும் டோனும் முழுதும் திறந்திருக்கட்டும். ஒற்றைக் காயில் பிக்கப் 5 முதல் 7 கிலோ ஓம் வரையிலும், இரட்டைக் காயில் உள்ள ஹம்பக்கர் ஏறத்தாழ 7 முதல் 9 வரையிலும், சில இன்னும் கூடுதலாகவும் காட்டும். அது இல்லாமல் 250 அல்லது 500 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் நின்றால், நீங்கள் பார்ப்பது வால்யூம் கன்ட்ரோலின் அளவு; பிக்கப் காயில் அறுந்திருக்கலாம், அல்லது பிக்கப்புக்கும் கன்ட்ரோலுக்கும் நடுவே தொடர்பு விட்டிருக்கலாம். ஒன்றுமே காட்டாவிட்டால் ஸ்விட்சிலோ அதற்கு வரும் ஒயரிலோ தொடர்பு விட்டிருக்கிறது. ஸ்விட்சைக் கான்டாக்ட் கிளீனர் தெளித்து இருபது முறை தட்டிப் பாருங்கள்.

அறுந்த காயிலை மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் காயில் கட்டும் கடையில் கொடுக்காதீர்கள். அவர்கள் கைத்தேர்ச்சியில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் பிக்கப் கம்பி 0.06 மி.மீ. அளவுதான், ஆயிரக்கணக்கான சுற்று. பிக்கப்பையே சுற்றிப் பழகியவருக்கு அனுப்புங்கள், அல்லது புதியது வாங்குங்கள்.

கரகரப்பு

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே தூசி. கன்ட்ரோலின் உடலில் ஒயர் காதுகளுக்கு மேலே சிறிய திறப்பு இருக்கும். அதில் கான்டாக்ட் கிளீனரை ஒரே ஒரு முறை அடித்து, முழுதாக முப்பது தடவை அப்படியும் இப்படியும் திருப்புங்கள். தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள், துரு நீக்கும் ஸ்பிரே அடிக்கிறார்கள். இரண்டும் தூசியைச் சேர்த்துப் பசையாக்கும். மூன்று மாதத்தில் கன்ட்ரோலையே மாற்ற வேண்டியிருக்கும்.

கேபிளை அசைத்தால் கரகரத்தால், மேலே சொன்ன ஜாக் வேலைதான்.

குமிழையும் கேபிளையும் தொடாமலே, பிளாஸ்டிக் தகட்டின் மேல் கை உரசும்போது கரகரத்தால் அது காய்ந்த காற்றில் சேரும் நிலைமின்சாரம். இறுகப் பிழிந்த ஈரத்துணியால் தகட்டைத் துடையுங்கள்.

'ஊம்' என்ற இரைச்சல்

வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள்.

*பூஜ்யத்திலும் இரைச்சல் அப்படியே இருக்கிறது*

கிட்டாருக்கு இதில் பங்கில்லை. பெடல்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்து வாருங்கள். எந்தப் பெடலில் இரைச்சல் நுழைகிறதோ அதை அடாப்டரிலிருந்து பிரித்து 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி அடாப்டர். புதிய அடாப்டர் வாங்கும்போது நடுமுனை நெகட்டிவா பாசிட்டிவா என்பதைப் பெடலின் அடியில் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். மாறினால் பெடல் போய்விடும். ஆம்ப், மிக்ஸர், மடிக்கணினி மூன்றும் வேறு வேறு பிளக் பாயின்ட்டில் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே பலகைக்கு மாற்றுங்கள்.

*பூஜ்யத்தில் நிற்கிறது, கம்பிகளைத் தொட்டால் குறைகிறது*

கிட்டார் நன்றாகவே இருக்கிறது. சுற்றியிருப்பவற்றைப் பாருங்கள்: டிம்மர் போட்ட மேடை விளக்கு, எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர். நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுங்கள். ஏதோ ஒரு திசையில் இரைச்சல் பாதியாகும், அந்தத் திசை பார்த்து வாசியுங்கள். ஒற்றைக் காயில் பிக்கப்புக்கு இது பிறவிக் குணம். கிப்சன் நிறுவனத்தில் 1955-இல் சேத் லவர் ஹம்பக்கரை உருவாக்கியதே இந்த இரைச்சலை ஒழிக்கத்தான். மூன்று பிக்கப், ஐந்து நிலை ஸ்விட்ச் உள்ள கிட்டார்களில் பலவற்றில் நடு பிக்கப்பை எதிர்த்திசையில் சுற்றியிருப்பார்கள். அவற்றில் ஸ்விட்சை இரண்டாவது அல்லது நான்காவது நிலையில் வைத்தாலே இரைச்சல் அடங்கும்.

*கம்பியைத் தொட்டால் மாற்றமில்லை, ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் குறைகிறது*

பிரிட்ஜுக்கு (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பகுதி) போகும் எர்த் ஒயர் விட்டிருக்கிறது. மல்டிமீட்டரில் கம்பிக்கும் ஜாக்கின் உடலுக்கும் தொடர்பு காட்டாது. அந்த ஒயர் பிரிட்ஜின் அடியில் நசுங்கியிருக்கும், அல்லது பின்பக்க ஸ்பிரிங் பிடியில் பற்று விட்டிருக்கும். ஐந்து நிமிட வேலை.

*கம்பியைத் தொட்டால் இரைச்சல் கூடுகிறது*

சமீபத்தில் யாராவது ஜாக்கைப் பற்றவைத்திருந்தால் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். அப்படி யாரும் கை வைக்கவில்லை என்றால் கட்டடத்தில் எர்த் இல்லை. வாசிப்பதை நிறுத்திவிட்டு அடுத்த பகுதியைப் படியுங்கள்.

உதட்டிலோ விரலிலோ சுர்ரென்கிறது

மேலூர்ப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா. கிட்டார் வாசித்துக்கொண்டே பல்லவியைப் பாட மைக் அருகே போன தம்பி, உதடு பட்டதும் இரண்டடி பின்னால் போய் விழுந்தான். டெஸ்டரைக் கிட்டார் கம்பியில் வைத்தேன். பகல் போல எரிந்தது. மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டி ரப்பர் டயர்களின் மேல் நின்றிருந்தது. ஆம்ப் ஒரு பக்கத்து ஒயரில், மிக்ஸர் இன்னொரு பக்கத்து ஒயரில். ஆம்புக்கு வந்த நீட்டிப்புப் பெட்டியில் மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை. அன்று எலக்ட்ரீஷியனை வரவழைத்து, ஆம்பையும் மிக்ஸரையும் எர்த் உள்ள ஒரே பலகைக்கு மாற்றிய பிறகுதான் அடுத்த பாட்டு. கூட்டம் முக்கால் மணி நேரம் காத்திருந்தது.

எந்த மேடையிலும் மைக்கைத் தொடுமுன் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் வையுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வாசிக்காதீர்கள். அது அடாப்டரின் சிறு கசிவா, உண்மையான பழுதா என்பதை மீட்டரின் எண்ணை வைத்து நீங்கள் தீர்மானிக்க முடியாது. இரைச்சல் போக வேண்டும் என்று பிளக்கின் பெரிய முள்ளை ஒடிப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். கிட்டாரின் கம்பிகள் ஆம்பின் உலோகச் சட்டத்தோடு நேராக இணைந்திருக்கின்றன. அந்த முள்ளை ஒடித்தால் 230 வோல்ட்டுக்கும் உங்கள் கைக்கும் நடுவே காவல் இல்லை.

வீட்டிலேயே இப்படி என்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியைச் சோதிக்கச் சொல்லுங்கள். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால் போடச் சொல்லுங்கள். கிட்டார் பழுது பார்ப்பவருக்கு இங்கே வேலை இல்லை.

சுருதி நிற்கவில்லை

கீபோர்டு சுருதி மாறாது. அதனால் மேடையில் கிட்டாரின் சுருதி கொஞ்சம் இறங்கினாலும் எல்லார் காதிலும் விழும்.

கம்பி பழையதா? மதுரை வெயிலில் வேர்வை பட்ட கம்பி சீக்கிரம் கறுத்துவிடும். கோடையில் வாரம் இரண்டு கச்சேரி வாசிப்பவர் என்றால் மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். வாசித்து முடித்ததும் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். கம்பி புதியதா? ஒவ்வொன்றையும் மெல்ல இழுத்து இழுத்து, இனி இறங்காது என்னும் வரை சுருதி சேருங்கள்.

டியூனிங் கீயைத் திருப்பும்போது சுருதி நகராமல் இருந்து திடீரென்று 'டிங்' என்று தாவினால், தலைப்பக்கத்தில் கம்பிகள் பதிந்து போகும் நட் என்ற துண்டின் பள்ளத்தில் கம்பி சிக்குகிறது. தலைக்கு இரு பக்கமும் மூன்று மூன்று கீ உள்ள கிட்டார்களில் ஜி கம்பிக்கு இந்தத் தொல்லை அதிகம். கம்பியை விலக்கி, பள்ளத்தில் மென்மையான பென்சிலால் நான்கு முறை தேயுங்கள். அப்படியும் சிக்கினால் நட்டை அராவ வேண்டும். அதற்கென்று உள்ள அரம் இல்லாமல் கை வைக்காதீர்கள், ஒரு இழுப்பு அதிகமானால் புதிய நட்தான்.

திறந்த கம்பி சரியாக இருந்து, மேலே போகப்போகச் சுருதி விலகினால் பிரிட்ஜ் சாடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) நகர்த்த வேண்டும். புதுக்கம்பி போட்டுவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். 12-ஆம் ஃப்ரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மேல் விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து வரும் சுரத்தையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடினால் சாடிலைப் பின்னுக்கு, அதாவது கழுத்தை விட்டு விலக்குங்கள். குறைந்தால் முன்னுக்கு.

கம்பி ஃப்ரெட்டில் அடித்து 'டர்ர்' என்கிறது

ஆம்ப் வழியாகக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். கம்பி தாழ்வாக இருக்கும் கிட்டாரில் பக்கத்தில் உட்கார்ந்தால் கொஞ்சம் கேட்கத்தான் செய்யும். ஆம்பில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

*திறந்த கம்பியில் மட்டும்:* நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. புது நட்.

*ஒரே ஒரு சுரத்தில்:* அழுத்தும் ஃப்ரெட் தேய்ந்திருக்கிறது, அல்லது அதற்கு அடுத்தது எழும்பியிருக்கிறது. மூன்று ஃப்ரெட்டை மட்டும் தொடும் நீளத்துக்கு ஒரு நேரான இரும்புத் துண்டை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் நடுவில் உள்ளது உயர்ந்திருக்கிறது.

*முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள்:* கழுத்து தேவைக்கு மேல் நேராகியிருக்கிறது, அல்லது பின்னுக்கு வளைந்திருக்கிறது. கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்கள். 0.25 மி.மீ. தகடு லேசாக உரசி நுழைந்தால் சரி. இடைவெளியே இல்லை என்றால் டிரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டு) இடப்பக்கம் கால் சுற்றுத் தளர்த்துங்கள். இடைவெளி அதிகம் என்றால் வலப்பக்கம் கால் சுற்று. சுருதி சேர்த்து, ஒரு இரவு விட்டு, மறுபடி அளங்கள். ஆலன் கீ நகர மறுத்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். டிரஸ் ராடு அறுந்தால் கிட்டாரின் விலையைவிடச் செலவு கூடிவிடும். கை தேர்ந்தவரிடம் கொடுக்க வேண்டிய நேரம் அது.

*12-க்கு மேல்:* 12-ஆம் ஃப்ரெட்டின் மேல் கம்பியின் உயரத்தைப் பாருங்கள். மெல்லிய ஈ கம்பிக்கு 1.6 மி.மீ., தடித்த ஈ கம்பிக்கு 2 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். தாழ்ந்திருந்தால் சாடிலை ஏற்றுங்கள்.

சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் மரம் அசையும். எந்தப் பக்கம் அசைந்தது என்பதை அளந்துதான் சொல்ல முடியும். ஆண்டுக்கு இரண்டு முறை அளப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கழுத்தின் ஓரத்தில் ஃப்ரெட் முனை கீறுகிறது

மரம் வறண்டு சுருங்கியிருக்கிறது, உலோகம் சுருங்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறையிலும், கதவடைத்த காரிலும், நாள் முழுக்க ஏ.சி. ஓடும் அறையிலும் வைத்தால் இது நடக்கும். கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்து, துளையிட்ட சோப்புப் பெட்டியில் ஈரப் பஞ்சை இட்டுக் கூடவே வையுங்கள். பஞ்சு சொட்டக் கூடாது. இரண்டு வாரம் பொறுத்தும் கீறினால் முனைகளை அராவக் கொடுங்கள். காத்திருக்காமல் கோடையில் அராவினால் மழைக்காலத்தில் முனைகள் உள்ளே போய், ஓரத்துக் கம்பி வழுக்கி விழும்.

பரணில் கிடந்த கிட்டார்: எல்லாமே கெட்டிருக்கிறது

உசிலம்பட்டியில் ஒரு மெல்லிசைக் குழு கலைந்து இருபது ஆண்டுகள் கழித்து, அதில் வாசித்த பெரியவர் தன் கிட்டாரை எனக்குக் கொடுத்தார். "இனி எங்கே பேசப்போகிறது தம்பி, கொண்டுபோங்கள்" என்றார். கம்பிகள் துருவேறிக் கறுத்திருந்தன. குமிழ்கள் நகரவில்லை. பின் மூடியைத் திறந்தால் வால்யூம் கன்ட்ரோலை ஒட்டி இரண்டு பல்லி முட்டை ஓடுகள்.

இப்படி வந்த கிட்டாரில் எந்தப் பாகத்தையும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். வரிசை இது: பழைய கம்பிகளைத் தளர்த்தி எடுங்கள். உட்பகுதியைச் சிறு தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். எல்லாத் திருகுகளையும் கையளவு இறுக்குங்கள். கன்ட்ரோல்களுக்கும் ஸ்விட்சுக்கும் கிளீனர். ஜாக். பிறகு புதுக்கம்பி. பழைய அமெரிக்க கிட்டார் என்றால் கன்ட்ரோலின் முதுகில் உள்ள எண்ணை, அயர்னை வைக்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று இலக்கம் தயாரித்தவர், அடுத்து ஆண்டு, அடுத்து வாரம். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ். நிறுவனம் செய்தது. கழற்றிய பாகம் கெட்டதே ஆனாலும் உறையில் போட்டுக் கிட்டாரோடு வையுங்கள்.

அந்த உசிலம்பட்டி கிட்டாரின் ஜாக்கில் ஒயர் ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. பற்றவைக்கப் பத்து நிமிடம். பெரியவரைப் புதூருக்கு அழைத்து அவர் கையில் கொடுத்தேன். உட்கார்ந்ததும் அவர் விரல் நேராக மூன்றாம் ஃப்ரெட்டில் பி கம்பியின் அடியில் இருந்த பள்ளத்துக்குப் போனது. அவர் விரலே ஆண்டுக்கணக்கில் அழுத்தித் தேய்த்த பள்ளம். சமன் செய்ய வேண்டுமென்றால் எல்லா ஃப்ரெட்டையும் சேர்த்து அராவ வேண்டும், அதைச் சில முறைக்கு மேல் செய்யவும் முடியாது. அந்தச் சுரம் ஆம்பில் சுத்தமாகவே ஒலிக்கிறது. பள்ளத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.